சாய்ந்த, கோணலான கர்டன் வால்: ரெவிட்டில் எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

கண்ணாடி முகப்பு நேராக நிற்கும்வரை, கட்டட மாடல் மென்பொருளான ரெவிட்டில் கர்டன் வால் (கட்டடத்தின் வெளிப்புறக் கண்ணாடிச் சுவர்) சொன்ன பேச்சைக் கேட்கும். அதையே 15 டிகிரி சாய்த்து, மேல் ஓரத்தைக் கோணலாக வெட்டி, பக்கத்து முகத்தோடு ஒரு சாய்ந்த மடிப்பில் சேர்க்கப் போனால் தொல்லை ஆரம்பிக்கும். கண்ணாடியைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் கோடுகள் மடிப்பில் ஒன்றோடொன்று சேராது, முல்லியன் (கண்ணாடிகளைத் தாங்கும் சட்டம்) திரும்பி நிற்கும், கதவு உட்காராது. 2004-ல் திறக்கப்பட்ட சியாட்டில் மைய நூலகத்தின் படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லும் வடிவம் புரியும். ஒவ்வொரு முகமும் வேறு சாய்வு, ஒவ்வொன்றும் வேறு பலகோணம், எல்லாம் சாய்ந்த விளிம்புகளில் மடிகின்றன.

இந்த மாதிரி வேலையில் சிக்கல் வந்ததும் பெரும்பாலோர் முல்லியன் அமைப்புகளைத் தோண்ட ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: இந்தக் கண்ணாடி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? ரெவிட்டில் ஒரே மாதிரித் தெரியும் கண்ணாடி மூன்று வேறு பொருள்களாக இருக்கலாம்.

முதலாவது சுவர் வகையான கர்டன் வால். எடிட் ப்ரொஃபைல் கொடுத்து ஓரத்தை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம், ஆனால் அது செங்குத்து முகத்துக்கானது. இரண்டாவது ஸ்லோப்டு கிளேசிங். பெயரில் கண்ணாடி இருந்தாலும் அது கூரை வகை. சாயும், ஓரத்தையும் திருத்தலாம், ஆனால் ஓரத்தைப் பிளானில்தான், அதாவது மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில்தான் வரைய வேண்டும். மூன்றாவது, மாஸின் (கட்டடத்தின் பொதுவடிவத்தைக் காட்டும் கட்டி) ஒரு முகத்தைத் தொட்டு உருவாக்கும் கர்டன் சிஸ்டம். எந்தச் சாய்வும் எந்த வடிவமும் ஏற்கும், ஆனால் அதற்கென்று ஸ்கெட்ச் கிடையாது. மாஸின் வடிவம்தான் அதன் வடிவம்.

கண்ணாடியின் விளிம்பில் சுட்டியை வைத்து டாப் விசையை அழுத்தி முழுப் பொருளையும் தேர்ந்தெடுங்கள். ப்ராப்பர்ட்டீஸ் பலகையின் உச்சியில் மூன்றில் எது என்று எழுதியிருக்கும். கீழே உள்ள பாதி அறிகுறிகளுக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

2021 பதிப்பில் சுவருக்கு 'ஸ்லான்டட்' என்ற தேர்வு வந்ததே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அது ஒரு சுவரை ஒரே கோணத்தில் சாய்ப்பதற்கு. வெவ்வேறு சாய்வுள்ள பலகோண முகங்கள் மடிப்பில் சேரும் வேலைக்கு அதை நம்பி இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஓரத்தைத் திருத்த வேண்டும், எடிட் ப்ரொஃபைல் பொத்தானே இல்லை

உங்கள் கையில் இருப்பது கர்டன் சிஸ்டம். திருத்த வேண்டியது மாஸை. மாஸிங் அண்ட் சைட் பட்டையில் ஷோ மாஸ் ஃபார்ம் அண்ட் ஃப்ளோர்ஸ் கொடுத்தால் மறைந்திருக்கும் மாஸ் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து எடிட் இன்-பிளேஸ், வடிவத்தை மாற்றி ஃபினிஷ். கண்ணாடி இன்னும் பழைய இடத்திலேயே நிற்கும், பதற வேண்டாம். கர்டன் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்து அப்டேட் டு ஃபேஸ் கொடுங்கள், புது முகத்துக்கு நகர்ந்துவிடும்.

கண்ணாடி வந்தாயிற்றே, இனி மாஸ் எதற்கு என்று யாராவது அழித்திருந்தால், கண்ணாடி நிற்கும், ஆனால் புதுப்பிக்க முகம் இருக்காது. மாஸை மறுபடி கட்டி, சிஸ்டத்தையும் புதிதாக இட வேண்டியதுதான். ஆகவே மாஸைத் தனி வொர்க்செட்டில் (குழுவினர் மாடலைப் பிரித்துக்கொள்ளும் பகுதி) வைத்து, அழிக்கக்கூடாது என்பதைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

15 டிகிரி கொடுத்தேன், கண்ணாடி கிட்டத்தட்டப் படுத்துவிட்டது

இது ஸ்லோப்டு கிளேசிங். முகப்புக்காரர்கள் சாய்வைச் செங்குத்திலிருந்து அளப்பார்கள், கூரை கிடைமட்டத்திலிருந்து அளக்கும். செங்குத்திலிருந்து 15 என்றால் கூரைக்கு 75 கொடுக்க வேண்டும். ப்ராஜெக்ட் யூனிட்ஸில் சரிவு டிகிரியில் இருக்கிறதா, விகிதத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கெட்ச்சில் அடி விளிம்புக்கு மட்டும், சரிவைத் தீர்மானிக்கும் டிஃபைன்ஸ் ஸ்லோப் இருக்க வேண்டும்; விளிம்பில் ஒரு சிறு முக்கோணமாக அது தெரியும். மற்ற விளிம்பு ஒன்றில் அந்த முக்கோணக் குறி தப்பித்தவறி இருந்தாலும் ஒரு தளம் இரண்டாக உடைந்துவிடும்.

சாய்வு சரி, மேல் ஓரம் மட்டும் சொன்ன உயரத்தில் நிற்கவில்லை

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். செங்குத்திலிருந்து 15 டிகிரி சாய்ந்த ஒரு முகம். இடது மேல் மூலை 6000 மி.மீ. உயரம், வலது மேல் மூலை 4200. கூரையைப் பிளானில் வரைவதால் உயரத்தை நேரடியாகக் கொடுக்க முடியாது. அடிக்கோட்டிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி வரைகிறோம் என்பதே உயரத்தைத் தீர்மானிக்கிறது. உயரத்தை டேன் 15-ஆல், அதாவது 0.268-ஆல் பெருக்க வேண்டும். இடது மூலை 1608 மி.மீ. உள்ளே, வலது மூலை 1125 மி.மீ. உள்ளே. இரண்டையும் ஒரு கோட்டால் சேர்த்தால் கோணலான மேல் ஓரம் கிடைத்துவிடும்.

இப்போது அந்த 1608-ஐ யாரோ சுட்டியால் இழுத்து 1618 ஆக்கிவிட்டார் என்று வையுங்கள். பிளானில் 10 மி.மீ. கண்ணுக்கே தெரியாது. முகப்பில் அந்த மூலை 37 மி.மீ. ஏறி நிற்கும், ஏனென்றால் டேன் 75 என்பது 3.73. முகம் செங்குத்தை நெருங்க நெருங்க இந்தப் பெருக்கம் கூடும். 5 டிகிரிச் சாய்வில் அது பதினொரு மடங்கைத் தாண்டும். பிளானில் சிறு வழுவல், எலிவேஷனில் (நேர்முகத் தோற்றத்தில்) பெரிய பிசகு.

ஆகவே என் கணக்கு இது: முகம் செங்குத்திலிருந்து 30 டிகிரிக்குமேல் சாய்ந்திருந்தால் ஸ்லோப்டு கிளேசிங் வசதி. அதற்குக் குறைவாக, செங்குத்தை ஒட்டி நின்றால் மாஸுக்குப் போய்விடுங்கள். இது விதி அல்ல, என் அனுபவத் தேர்வு.

மாஸில் செய்வது எப்படி? பக்கவாட்டு செக்ஷன் (வெட்டுத்தோற்றம்) ஒன்றில் அடிப்புள்ளி வழியாக 15 டிகிரியில் ஒரு ரெஃபரன்ஸ் பிளேன் வரைந்து அதற்குப் பெயர் வையுங்கள். இன்-பிளேஸ் மாஸைத் திறந்து, செட் வொர்க் பிளேனில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். வியூவர் சாளரத்தைத் திறந்தால் சாய்ந்த தளத்தை நேருக்கு நேராகப் பார்த்து வரையலாம். அப்புறம் க்ரியேட் ஃபார்ம், கனம் கட்டடத்தின் உட்புறமாகப் போகட்டும், வெளிமுகத்தைத் தொட்டுக் கர்டன் சிஸ்டம். இங்கே ஓரத்தின் அளவுகள் சாய்தளத்தின் மேலேயே கொடுக்கப்படுவதால் பெருக்கப் பிழைக்கு இடமில்லை. உயரத்தைச் சாய்வு நீளமாக மாற்ற, கொசைன் 15-ஆல், அதாவது 0.966-ஆல் வகுத்தால் போதும். 6000 உயரத்துக்குச் சாய்வு நீளம் 6212.

முகம் வெளிப்புறமாகச் சாய்கிறது, முல்லியனின் மூடி உள்ளே பார்க்கிறது

கூரையின் வெளிப்பக்கம் எப்போதும் மேலே பார்க்கும். உள்ளே சாய்ந்த முகத்துக்கு இது பொருந்திவிடும். மேலே போகப் போக வெளியே தள்ளும் முகத்தில் தெருவைப் பார்க்கும் பக்கம் கீழ்ப்பக்கம். அதனால் ஸ்லோப்டு கிளேசிங்கில் கட்டினால் ரெவிட் உங்கள் அறைக்குள்ளிருக்கும் பக்கத்தை வெளிப்பக்கமாக எடுத்துக்கொள்ளும். சமச்சீரான செவ்வக முல்லியன் போட்டு வேலை செய்யும்போது தெரியாது. பிரஷர் பிளேட்டும் கவர் கேப்பும் (கண்ணாடியை வெளியிலிருந்து அழுத்தும் தகடும் அதன் மூடியும்) உள்ள ப்ரொஃபைல் ஏற்றியதும், அல்லது கண்ணாடிக்கு ஆஃப்செட் (உள்ளே அல்லது வெளியே தள்ளும் தூரம்) கொடுத்ததும் வெளிப்படும்.

அவசரத்துக்கு அந்த முல்லியன் வகையையும் பேனல் வகையையும் நகலெடுத்து ஆஃப்செட்டின் குறியை மாற்றலாம், ப்ரொஃபைலைத் திருப்பி ஏற்றலாம். நிலையான வழி மாஸ். திடமான மாஸுக்கு எது வெளி, எது உள் என்பதில் குழப்பமில்லை.

மடிப்பில் கிடைமட்டக் கோடுகள் சேரவில்லை

இந்த வேலையில் அதிக நேரம் தின்னும் அறிகுறி இதுதான். இரண்டு முகங்கள், ஒன்று 15 டிகிரி, மற்றது 30. இரண்டுக்கும் ஒரே கர்டன் சிஸ்டம் வகை, கிடைமட்ட இடைவெளி ஃபிக்ஸ்டு டிஸ்டன்ஸ் 1200. கீழே முதல் வரி ஓரளவு ஒட்டி வரும், மேலே போகப் போக ஒவ்வொரு வரியும் கூடுதலாக விலகும்.

காரணம் எளிது. ரெவிட் கிரிட் இடைவெளியைச் சாய்தளத்தின் வழியே அளக்கிறது, செங்குத்தாக அல்ல. 15 டிகிரி முகத்தில் சாய்வில் 1200 என்றால் உயரத்தில் 1159 மட்டுமே. 30 டிகிரி முகத்தில் 1039. ஐந்து வரி ஏறுவதற்குள் அரை மீட்டருக்குமேல் விலகிவிடும்.

இரண்டு முகமும் உயரத்தில் 1200-க்கு ஒன்றாகக் கோடு காட்ட வேண்டுமானால் சாய்விடைவெளி முதல் முகத்தில் 1242, இரண்டாவதில் 1386 ஆக இருக்க வேண்டும். இடைவெளி வகைக்குரிய அளவு என்பதால் ஒரே வகையில் இரண்டு எண்ணைக் கொடுக்க முடியாது. சாய்வுக்கு ஒரு வகை என்று நகலெடுத்து, பெயரிலேயே கோணத்தை எழுதி, ஒவ்வொரு முகத்தையும் தனித்தனிச் சிஸ்டமாக உருவாக்குங்கள். செலக்ட் மல்டிப்பிளில் எல்லா முகத்தையும் ஒரேயடியாகத் தொட்டு முடித்துவிட ஆசை வரும். சாய்வுகள் ஒன்றாக இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

தளமட்டக் கோடும் இதே கணக்குதான். 3600 மாடி உயரத்துக்கு 15 டிகிரி முகத்தில் 3727 வேண்டும். ஸ்பான்ட்ரல் பேனல் (மாடித்தளத்தின் விளிம்பை மறைக்கும் பேனல்) ஸ்லாபுக்குக் கீழே வழிந்து நிற்பதாகத் தெரிந்தால் பெரும்பாலும் இந்த 127 மி.மீ.தான்.

இடைவெளி சரியாக இருந்தும் கோடுகள் ஒரே அளவு தள்ளி நின்றால், தொடக்கப்புள்ளி வேறு. முகத்தின் நடுவில் தோன்றும் கான்ஃபிகர் கிரிட் லேயவுட் குறியைச் சொடுக்கி, இரண்டு முகத்திலும் கிடைமட்டக் கோடுகள் கீழ்விளிம்பிலிருந்து தொடங்குகின்றனவா என்று பாருங்கள். ஒரு முகத்தின் கீழ்விளிம்பே தரைமட்டத்துக்கு இணையாக இல்லாவிட்டால், லேயவுட்டை 'நன்' (None, எதுவுமில்லை) என்று வைத்துவிட்டு, எலிவேஷனில் மட்டங்களைப் பார்த்துக் கோடுகளைக் கையால் இடுவதே விரைவு.

செங்குத்துக் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சாய்ந்த மடிப்பில் கிடைமட்டக் கோடுகளைச் சேர்க்கலாம், செங்குத்துக் கோடுகளும் அதே புள்ளிகளில் வந்து சேர வேண்டும் என்றால் கட்டத்தின் அகலத்தையும் மடிப்பின் கோணத்திலிருந்தே கணக்கிட வேண்டும். வடிவமைப்பாளரிடம் அதை முன்கூட்டியே பேசுங்கள். சியாட்டில் நூலகத்தில் பார்க்கும் சாய்சதுரக் கட்டம்போல் வேண்டுமென்றால் மாஸ் முகத்தில் டிவைட் சர்ஃபேஸ் கொடுத்து ராம்பாய்ட் பேட்டர்ன் எடுங்கள். ஓரத்தில் வெட்டுப்படும் துண்டுகளைப் பாதியாக வைப்பதா, விட்டுவிடுவதா, வெளியே நீட்டுவதா என்பதற்குப் பார்டர் டைல் என்ற தேர்வு இருக்கிறது. ஒழுங்கற்ற ஓரத்துக்கு அது பெரிய உதவி.

முக்கோண முகத்தில் கோடுகள் ஏதோ ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுகின்றன

ஒவ்வொரு முகத்துக்கும் ரெவிட் தானாக ஒரு திசை எடுத்துக்கொள்கிறது. முக்கோணத்தில் அது நீங்கள் நினைத்த விளிம்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. ப்ராப்பர்ட்டீஸில் கிரிட் 1, கிரிட் 2 இரண்டுக்கும் ஆங்கிள் என்ற அளவு உண்டு, மைனஸ் 89 முதல் 89 வரை கொடுக்கலாம். ஒன்றை மட்டும் திருப்பினால் கட்டங்கள் இணைகரமாகிவிடும், ஆகவே இரண்டையும் சேர்த்தே திருப்புங்கள். கோட்டை நகர்த்த முடியவில்லை என்றால் அது 'பின்' (pin) குறியால் பூட்டப்பட்டிருக்கிறது, அந்தப் பின்னை எடுத்தால் நகரும். ஆனால் பின் எடுத்த கோடு வகையின் இடைவெளியைக் கேட்காது, அதனால் இதைக் கடைசியில் மட்டும் செய்யுங்கள்.

நான்கு மூலை கொண்ட முகம், ஆனால் தளம் வளைந்து வருகிறது

நான்கு புள்ளிகளும் ஒரே தளத்தில் இல்லை. சோதிக்க, மூன்று மூலைகள் சேர்ந்து அமைக்கும் தளத்தின்மேல் நான்காவது விழுகிறதா என்று செக்ஷனில் பாருங்கள். சில மி.மீ. மட்டும் விலகினால் வரைபடப் பிழை, மூலையைத் தளத்துக்கு இழுத்துவிடலாம். கட்டடக்கலைஞர் வேண்டுமென்றே திருகியிருந்தால் முகத்தை மூலைவிட்டத்தில் இரண்டு முக்கோணமாகப் பிரியுங்கள். மூன்று புள்ளி எப்போதும் ஒரே தளம். தொழிற்சாலையில் கண்ணாடி தட்டையாகத்தான் வெட்டப்படுகிறது. திருகிய கண்ணாடியை மாடலில் விட்டுவைத்தால் அந்தக் கேள்வி பின்னால் விலையோடு திரும்பி வரும். எந்த மூலைவிட்டம் என்பதைக் கேட்டு முடிவு செய்யுங்கள், ஒன்று முகத்தை வெளியே புடைக்க வைக்கும், மற்றது உள்ளே குழிய வைக்கும்.

முல்லியன் தொல்லைகள்

கிடைமட்ட முல்லியன் சாய்ந்த முகத்தோடு சேர்ந்து சாய்ந்திருக்கிறது, உங்களுக்கு அது தரைக்கு இணையாக வேண்டும் என்றால்: முல்லியனின் டைப் ப்ராப்பர்ட்டீஸில் பொசிஷன் என்பதைப் பர்ப்பென்டிகுலர் டு ஃபேஸ் என்பதிலிருந்து பேரலல் டு கிரவுண்ட் என்று மாற்றுங்கள். செங்குத்து முல்லியனுக்குத் தனி வகை இருக்கட்டும், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து மாறும்.

மடிப்பில் இரண்டு முல்லியன் ஒன்றுக்குள் ஒன்று ஏறி நிற்கிறதா? இரண்டு முகமும் தத்தம் பார்டர் முல்லியனை இட்டிருக்கின்றன. இரண்டு வகையிலும் அந்தப் பக்கத்துப் பார்டரை நன் என்று வைத்து, மடிப்பில் கார்னர் முல்லியன் ஒன்றைக் கையால் இடுங்கள். இரண்டு முகமும் ஒரே திட மாஸிலிருந்து வந்து விளிம்பைப் பகிர்ந்துகொண்டால் மடிப்பு சுத்தமாக வரும். இரண்டு தனி மெல்லிய மாஸ்களை ஒட்டிவைத்திருந்தால் விளிம்புகள் முழுதாகப் பொருந்தாது. அதனால்தான் பல முகமுள்ள வேலையில் முதலில் ஒரு பெரிய கட்டியை எழுப்பி, வாய்டு ஃபார்ம்களால் (கட்டியிலிருந்து வெட்டி எடுக்கும் வடிவங்கள்) சாய்வுகளைச் செதுக்கி எடுக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு செதுக்கலும் ஒரு தட்டையான முகத்தையும் பகிர்ந்த விளிம்பையும் தந்துவிடும்.

கூர்மையான மூலையில் முல்லியன் வராமல் போனாலோ, கோடு மிகச் சிறியது என்று எச்சரிக்கை வந்தாலோ, அங்கே ஒரு கிரிட் கோடு மூலையை உரசிக்கொண்டு போகிறது என்று பொருள். ரெவிட் ஏறத்தாழ 0.8 மி.மீ.க்குக் குறைந்த கோட்டை ஏற்காது. அந்தக் கோட்டைத் தேர்ந்தெடுத்து ஆட் ரிமூவ் செக்மென்ட்ஸ் மூலம் மூலையில் இருக்கும் துண்டை மட்டும் நீக்குங்கள், சில்லுக் கண்ணாடி பக்கத்துப் பேனலோடு சேர்ந்துவிடும். தளத்தில் வேலை செய்பவர்களும் விரல் அகலக் கண்ணாடியைப் பொருத்தப் போவதில்லை.

கதவுப் பேனல் ஏற மறுக்கிறது

கர்டன் வால் கதவு ஃபேமிலி (ரெவிட்டில் ஏற்றும் ஆயத்தப் பொருள்) செவ்வகக் கட்டத்துக்காகச் செய்யப்பட்டது. சரிவகம், முக்கோணம் போன்ற கட்டங்களில் சிஸ்டம் பேனலைத் தவிர வேறெதையும் எதிர்பார்க்காதீர்கள். கட்டம் செவ்வகமாகவே இருந்தாலும், சாய்ந்த முகத்தில் கதவும் சாய்ந்தே நிற்கும், அப்படியொரு கதவை யாரும் கேட்க மாட்டார்கள். அந்த இடத்துப் பேனல்களை எம்ப்டி சிஸ்டம் பேனலாக மாற்றி ஓட்டை விடுங்கள். அதன் முன்னால் செங்குத்தான சாதாரணக் கர்டன் வாலில் ஒரு சிறு முகமண்டபம் கட்டி, கதவை அதில் வையுங்கள்.

வேறு மென்பொருளில் செய்த வடிவம், முகத்தைத் தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை

அது மெஷ்ஷாக, அதாவது சிறு துண்டுகளால் ஆன வலைப்பரப்பாக வந்திருக்கிறது. மாஸில் மெஷ் வடிவம் மட்டுமே உள்ளது, பரப்பளவைக் கணக்கிட முடியாது என்ற எச்சரிக்கை அதைத்தான் சொல்கிறது. அனுப்பியவரிடம் மெஷ் அல்லாத திட வடிவமாக, சாட் (SAT) கோப்பில் கேட்டு வாங்கி, மாஸ் ஃபேமிலிக்குள் இறக்குங்கள். அது கிடைக்காவிட்டால் இறக்கிய வடிவத்தை வழிகாட்டியாக வைத்து மூலைகளைத் தொட்டு மாஸைப் புதிதாக வரைவது மேல். அப்படி வரையும்போது கோடு அச்சிலிருந்து சற்றே விலகியிருக்கிறது என்ற எச்சரிக்கை வந்தால் தட்டிக்கழிக்காமல் அங்கேயே சரிசெய்யுங்கள்.

அறை மூடவில்லை, அல்லது பரப்பளவு வித்தியாசமாக வருகிறது

முதலில் கர்டன் சிஸ்டத்தில், அதை அறையின் எல்லையாக எண்ண வைக்கும் ரூம் பவுண்டிங் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் எண் பொருந்தவில்லை என்றால், எந்த உயரத்தில் ரெவிட் அளக்கிறது என்பதே கேள்வி. சாய்ந்த முகத்துக்குப் பின்னால் இருக்கும் அறை ஒவ்வொரு உயரத்திலும் ஒவ்வொரு அகலம். 15 டிகிரி முகத்தில் தரையில் அளப்பதற்கும் 1200 மி.மீ. உயரத்தில் அளப்பதற்கும் 322 மி.மீ. வித்தியாசம். பத்து மீட்டர் நீள முகப்பில் அது மூன்று சதுர மீட்டருக்குமேல். செக்ஷனில் லெவலைத் தேர்ந்தெடுத்து கம்ப்யூட்டேஷன் ஹைட் என்ற அளவை, உங்கள் திட்டத்தில் பரப்பளவை எந்த உயரத்தில் எடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறீர்களோ அதற்கு மாற்றுங்கள். கன அளவும் தேவை என்றால் ஏரியா அண்ட் வால்யூம் கம்ப்யூட்டேஷன்ஸில் ஏரியாஸ் அண்ட் வால்யூம்ஸ் என்பதை இயக்குங்கள், அப்போதுதான் சாய்வு கணக்கில் வரும்.